8 ஜிபியிலிருந்து 24 ஜிபிக்கு: நாகப்பட்டினம் ஸ்டூடியோக் கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நாகப்பட்டினத்தில் திருமண வீடியோ எடுத்துத் தரும் சிறிய ஸ்டூடியோ ஒன்றில், 2014-ஆம் ஆண்டின் கடைசியில் அசெம்பிள் செய்யப்பட்ட டெஸ்க்டாப் கணினிக்கு 2024 ஆடி மாதத்தில் ரேம் கூட்டினோம். எதை அளந்து முடிவெடுத்தோம், எங்கே சறுக்கினோம், எந்தக் குறை தீர்ந்தது, எது தீரவில்லை என்பதை நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன். ஆடியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால், கணினியைப் பிரித்துப் போட்டு இரண்டு வாரம் வைத்திருந்தாலும் வீடியோ எங்கே என்று கேட்டு எந்தக் கல்யாண வீட்டாரும் வாசலில் வந்து நிற்கமாட்டார்கள்.

கணினியின் அமைப்பு இது: இன்டெல் கோர் ஐ7-4790 பிராசஸர், அதாவது 4 கோர், 8 திரெட், பி85 சிப்செட் கொண்ட மதர்போர்டு, அதில் 4 ரேம் ஸ்லாட், அவற்றில் இரண்டில் மட்டும் தலா 4 ஜிபி டிடிஆர்3-1333 ரேம். அந்தப் பிராசஸர் 1600 வேக ரேமை ஏற்கக்கூடியது என்றாலும், அதற்கு முன்பிருந்த கணினியிலிருந்து கழற்றிய ரேமையே அப்போது மாட்டியிருக்கிறார்கள். பின்னாளில் 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டும், விண்டோஸ் 10-க்காக 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியும் சேர்ந்தன. எடுத்துவரும் ஃபுட்டேஜ் எல்லாம் 2 டிபி ஹார்டு டிஸ்க்கில் இருக்கும். எடிட்டிங்குக்கு அடோபி பிரீமியர் புரோ, டைட்டிலுக்கு ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்.

முழுநீளத் திருமண வீடியோவை ஹெச்டியில் எடுத்துக்கொண்டிருந்த வரை இந்தக் கணினியைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. ஸ்டூடியோவில் சோனி ஏ7 III கேமரா வந்து, ஹைலைட்ஸை 4கே-யில் கேட்கிற வாடிக்கையாளர்களும் வந்த பிறகே தொல்லை ஆரம்பமானது. பிரீமியரும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் சேர்ந்து திறந்திருந்தால், டைம்லைனில் ஒரு கட் போட்டுவிட்டு மவுஸை நகர்த்தவே அரை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. சில சமயம் திரை வெளுத்து, செயலி பதிலளிக்கவில்லை என்ற வாசகத்துடன் இரண்டு மூன்று நிமிடம் உறைந்து நின்றது. ஸ்டூடியோ உரிமையாளர் கேட்ட கேள்வி நேரானது: "தம்பி, ரேம் போட்டா சரியாப்போயிடுமா, இல்ல புது சிஸ்டமே வாங்கணுமா?"

அந்தக் கேள்விக்கு உடனே ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் நான் பிடிவாதமாகக் கடைப்பிடித்த ஒரே விதி. ரேம் என்பது வேகம் அல்ல, இடம். பந்தியில் இலை போட இடமில்லாதபோது பரிமாறுகிறவர் எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தும் பயனில்லை. இடம் தாராளமாக இருக்கும் மண்டபத்தில் இன்னும் ஐம்பது நாற்காலி போட்டாலும் பந்தி விரைவாக முடியப்போவதில்லை. ஆகவே, கணினி இடமில்லாமல் திணறுகிறதா, வேறு காரணத்தால் திணறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் அளவெடுப்பு

சோதனைக்காக இரண்டு புராஜெக்ட்களை ஒதுக்கிக்கொண்டோம். ஒன்று 18 நிமிட 4கே ஹைலைட்ஸ். இரண்டு வீடியோ டிராக், எல்லாக் கிளிப்பிலும் நிறத்திருத்தம், ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலிருந்து நேரடியாக இணைக்கப்பட்ட மூன்று டைட்டில். மற்றொன்று ஒரு மணி நேர ஹெச்டி முகூர்த்த வீடியோ. வெட்டி ஒட்டியதைத் தவிர அதில் வேறு வேலை கிடையாது. முதலாவதைக் கனமான புராஜெக்ட் என்றும் இரண்டாவதை இலகுவான புராஜெக்ட் என்றும் இனிக் குறிப்பிடுகிறேன்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்கினால் பெரும்பாலோர் பார்ப்பது மேலேயுள்ள வரைபடத்தை மட்டும்தான். 8 ஜிபி உள்ள கணினியில் அது எப்போதும் உச்சியை ஒட்டியே இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டியது கீழே கமிட்டெட் என்ற பெயரில் இருக்கும் இரண்டு எண்களை. திறந்திருக்கும் எல்லாச் செயலிகளும் சேர்ந்து விண்டோஸிடம் கேட்டு வாங்கிய நினைவக இடம் எவ்வளவு என்பதை அதன் முதல் எண் காட்டும். கனமான புராஜெக்ட் திறந்து பத்து நிமிடத்தில் அது 15 ஜிபியைத் தொட்டது. உண்மையில் இருக்கும் ரேமோ 8 ஜிபி. மீதியை விண்டோஸ் பேஜ்ஃபைல் என்ற கோப்பாக டிஸ்க்கில் எழுதிச் சமாளித்துக்கொண்டிருந்தது.

அடுத்து ரிசோர்ஸ் மானிட்டரில் ஹார்டு ஃபால்ட்ஸ் என்ற அளவைப் பார்த்தோம். பெயரைக் கேட்டதும் மதர்போர்டில் ஏதோ எரிந்துவிட்டது என்று உரிமையாளர் பதறினார். உண்மையில் அது பழுதைக் குறிப்பதல்ல. ஒரு செயலி தேடிய பக்கம் ரேமில் இல்லாமல், டிஸ்க்கிலிருந்து எடுத்துவர நேர்ந்த ஒவ்வொரு தடவையையும் விண்டோஸ் அப்படி எண்ணுகிறது. கோப்புகளைச் சாதாரணமாகத் திறக்கும்போதும் சிறிதளவு வரும். ஆனால் இங்கே கணினி உறைந்து நின்ற ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு சுவரைப் போல் எழும்பியது. அதே கணத்தில் பிராசஸரின் பயன்பாடு 10 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. ஹார்டு டிஸ்க்கின் பயன்பாடு மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்க டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

ஆனால் அந்த வரியில் ஓர் உறுத்தல் இருந்தது. விண்டோஸ் இருப்பதோ எஸ்எஸ்டியில். பிறகு ஏன் ஹார்டு டிஸ்க் ஓடுகிறது? தேடிப் பார்த்ததில், எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் யாரோ பேஜ்ஃபைலை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவைத்திருந்தது தெரிந்தது. சுழலும் டிஸ்க் ஒரு நீளமான கோப்பை வரிசையாகப் படித்தால் வினாடிக்கு 150 எம்பி அளவுக்குத் தரும். பேஜ்ஃபைலில் வேலை வரிசையாக நடப்பதில்லை. 4 கேபி, 4 கேபியாக இங்குமங்கும் எடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரமே 8.3 மில்லி வினாடி. முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் வினாடிக்கு நூறு முறை எடுப்பதே பெரிது. நூறு தடவை, தடவைக்கு 4 கேபி என்றால் அரை எம்பிகூட ஆகவில்லை. 1333 வேக ரேம் இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் தரவு ஓடும்போது, வினாடிக்கு 21.3 ஜிபி தரக்கூடியது என்பதை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், திரை வெளுத்து நின்றதில் வியப்பில்லை.

காசு செலவில்லாத திருத்தம் என்பதால் முதலில் பேஜ்ஃபைலை எஸ்எஸ்டிக்கே கொண்டுவந்தோம். கனமான புராஜெக்டின் எக்ஸ்போர்ட் 1 மணி 52 நிமிடத்திலிருந்து 1 மணி 14 நிமிடமாகக் குறைந்தது. மூன்று நிமிட உறைவு ஐந்தாறு வினாடித் தயக்கமானது. அதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று உரிமையாளர் கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனால் கமிட்டெட் 15 ஜிபி என்ற எண் அப்படியேதான் இருந்தது. ஓட்டை அடைபடவில்லை, ஓட்டைக்குக் கீழே பெரிய பாத்திரம் வைத்திருந்தோம், அவ்வளவே.

ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு இடம்

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன், ஏனென்றால் கேமரா கார்டில் சின்னதாக இருக்கும் கோப்பு கணினிக்குள் ஏன் இவ்வளவு இடத்தைத் தின்கிறது என்பது எடிட்டர்களுக்கே பல சமயம் புதிராக இருக்கிறது. ஏ7 III கேமரா 4கே-யை வினாடிக்கு 100 மெகாபிட்டில் எழுதுகிறது, வினாடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. இது சுருக்கப்பட்ட அளவு. திரையில் காட்டுவதற்கு ஒவ்வொரு ஃபிரேமையும் விரித்தாக வேண்டும். 3840-ஐ 2160-ஆல் பெருக்கினால் சுமார் 83 லட்சம் புள்ளிகள்; புள்ளிக்கு நான்கு பைட் என்று எடுத்துக்கொண்டால் ஒரு ஃபிரேமுக்கு 33 எம்பி. நிறத்திருத்தத்தின்போது 32-பிட் மிதவைப் புள்ளிக் கணக்கில் வேலை நடந்தால் புள்ளிக்கு 16 பைட். ஃபிரேமுக்கு 133 எம்பி. கார்டில் 12.5 எம்பியாக இருந்த ஒரு வினாடி, அந்த நிலையில் 3.3 ஜிபியாக விரிகிறது. எல்லா ஃபிரேமையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை என்றாலும், எந்த அளவுகளோடு மல்லுக்கட்டுகிறோம் என்பது இதில் தெரியும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இன்னும் வெளிப்படையானது. அது பிரிவியூவுக்கான ஃபிரேம்களை விரித்த நிலையில் ரேமிலேயே அடுக்கிவைத்துக்கொண்டுதான் ஓட்டிக் காட்டுகிறது. ஹெச்டி டைட்டில் 8-பிட்டில் இருந்தால் ஃபிரேமுக்கு 8.3 எம்பி, வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஏறத்தாழ 207 எம்பி. இந்தக் கணினியில் மற்றச் செயலிகளுக்கென்று 3 ஜிபி ஒதுக்கியதுபோக அடோபி செயலிகளுக்குக் கிடைத்தது 5 ஜிபி. முழுவதையும் பிரிவியூவுக்கே கொடுத்தாலும் 24 வினாடிதான் ஓடும். அதே டைட்டிலை 4கே-யில் செய்தால் வினாடிக்கு 830 எம்பி. 6 வினாடியில் இடம் தீர்ந்துவிடும். மணமக்கள் பெயர் பூ விரிவதுபோல் வருகிற டைட்டில் பெரும்பாலும் 10 வினாடிக்குக் குறைவதில்லை. கணினி எங்கே மூச்சு வாங்கியது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எதை வாங்குவது

பி85 மதர்போர்டில் நான்கு ஸ்லாட்டிலும் தலா 8 ஜிபி போட்டால் 32 ஜிபி வரை போகும். அந்தத் தலைமுறைப் பிராசஸருக்கும் அதுவே உச்சவரம்பு. எங்களுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. இருக்கும் 4 ஜிபி இரண்டையும் எறிந்துவிட்டு நான்கு 8 ஜிபி வாங்குவது ஒன்று. அவற்றை வைத்துக்கொண்டு இரண்டு 8 ஜிபி சேர்த்து 24 ஜிபி ஆக்குவது மற்றொன்று. பழைய கணினிக்குச் செய்யும் செலவு ஒரு முகூர்த்தத்துக்கு வாங்கும் முன்பணத்தைத் தாண்டக் கூடாது என்பது என் சொந்தக் கணக்கு. டிடிஆர்3 ரேமைப் பிற்பாடு புதுக் கணினிக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. டிடிஆர்4-க்கு 288 பின், டிடிஆர்3-க்கு 240 பின், நடுவிலுள்ள வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். ஆகவே இரண்டாவது வழியையே எடுத்தோம்.

முதல் சறுக்கல் இங்கேதான். நான் சென்னைக்குப் போய் வருவதற்குள் உரிமையாளர் இணையக் கடை ஒன்றில் புத்தம் புதிய 8 ஜிபி டிடிஆர்3-1600 ரேம் இரண்டை, மற்றவற்றின் விலையில் பாதிக்குச் சற்றே மேல் கொடுத்து வாங்கிவிட்டார். மாட்டி ஆன் செய்தால் திரையில் ஒன்றும் வரவில்லை. பீப் ஒலி மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. கழற்றி மாட்டினோம், ஸ்லாட் மாற்றினோம், ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தோம். பிறகுதான் விற்பனைப் பக்கத்தின் அடியில், ஏஎம்டி மதர்போர்டுகளுக்கு மட்டும் என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருப்பதைக் கவனித்தோம்.

இந்த வகை ரேம் போலியல்ல, ஆனால் இன்டெல் டெஸ்க்டாப்பில் வேலை செய்யாது. சாதாரண 8 ஜிபி டிடிஆர்3 ரேமின் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு சிப் இருக்கும். ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் 8 பிட் தரும் வகை. எட்டு சிப் சேர்ந்தால் 64 பிட். இப்படி இரண்டு வரிசை. லேபிளில் 2ஆர்எக்ஸ்8 என்று இருப்பதன் பொருள் இதுதான். ஏஎம்டிக்கு மட்டும் என்று விற்கப்படுவதிலும் பதினாறு சிப்தான், ஆனால் ஒவ்வொன்றும் 4 பிட் மட்டும் தரும் வகை; பதினாறும் சேர்ந்தால்தான் 64 பிட். இன்டெல்லின் அந்தக் காலத்து டெஸ்க்டாப் பிராசஸர்களில் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் 4 பிட் சிப்பை ஏற்பதில்லை. மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. ரேமைத் திருப்பி அனுப்பிப் பணம் வந்துசேர ஒன்பது நாள் ஆனது. ஆடியில் வேலையை வைத்துக்கொண்டதன் அருமை அப்போது புரிந்தது.

இரண்டாவது முறை சென்னை ரிச்சி தெருவில் பழைய ரேம் விற்கும் கடைகளில் நானே நேரில் தேடினேன். அங்கே காத்திருக்கும் பொறி வேறு. சர்வர்களிலிருந்து கழற்றப்பட்ட ரேம் குவியலாகக் கிடைக்கும், மலிவாகவும் இருக்கும். அதே 240 பின், வெட்டும் அதே இடத்தில், ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் கணினி எழுந்திருக்காது. லேபிளில் பிசி3-12800 என்ற எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பார்க்க வேண்டும். யு என்று இருந்தால் சாதாரண டெஸ்க்டாப் ரேம். ஆர் என்று இருந்தால் சர்வருக்கானது. எஸ் என்று இருந்தால் லேப்டாப்புக்கான குட்டை வடிவம். லேபிள் கிழிந்திருந்தால் சிப்பை எண்ணலாம்: பக்கத்துக்கு எட்டுக்குப் பதில் ஒன்பது இருந்தால் அது பிழைதிருத்த வசதியுள்ள ரேம், இந்த வேலைக்கு வேண்டாம். 12800 என்பது வினாடிக்கு 12,800 எம்பி என்பதைக் குறிக்கும். 1600-ஐ 8-ஆல் பெருக்கினால் வருவது. ஒரே நிறுவனத்தின், ஒரே எண்ணுள்ள, 2ஆர்எக்ஸ்8 என்று அச்சிட்ட ஜோடி ஒன்று நான்காவது கடையில் கிடைத்தது. இரண்டும் சேர்ந்து 2,100 ரூபாய். ஒரு வாரத்துக்குள் பிழை காட்டினால் மாற்றித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டேன்.

மாட்டியதும் சோதித்ததும்

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து வினாடி அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்னூட்டத்தை வெளியேற்றி, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். கடற்கரை ஊர்களில் பத்தாண்டு ஓடிய கணினியைத் திறந்தால் தூசு தூளாக இருக்காது. உப்பு ஈரத்தில் ஊறிப் பசைபோல் ஒட்டியிருக்கும். ரேமின் தங்கப் பூச்சுள்ள பற்களை அழி ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் கைமருந்து. அது வேலை செய்யும், மறுக்கவில்லை; ஆனால் பேனா மை அழிக்கும் மணல் ரப்பர் பூச்சையே சுரண்டிவிடும், பென்சில் ரப்பரும் உதிர்க்கும் துகளை ஸ்லாட்டுக்குள் விட்டுச்செல்லும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைப்பதையே நான் விரும்புகிறேன். இரண்டு பழைய ரேமையும் அப்படித் துடைத்தபோது பஞ்சில் பச்சை கலந்த பழுப்பு நிறம் ஒட்டியது.

நான்கு ஸ்லாட்டும் இரண்டு சேனலாகப் பிரிந்திருக்கும். பிராசஸருக்கு அருகிலுள்ள இரண்டும் ஒரு சேனல், அடுத்த இரண்டும் மற்றொன்று. ஒவ்வொரு சேனலிலும் ஒரு 8 ஜிபி, ஒரு 4 ஜிபி என்று வருமாறு, ஒரே நிறத்து ஸ்லாட்களில் 8 ஜிபி ஜோடியையும் மற்ற நிறத்தில் 4 ஜிபி ஜோடியையும் அமர்த்தினோம். இரண்டு பக்கமும் 12 ஜிபி என்று சமமாக இருந்தால் முழு இடமும் இரட்டைச் சேனலில் ஓடும். மாறாக ஒரே சேனலில் இரண்டு 8 ஜிபியையும் திணித்திருந்தால், 8 ஜிபி பகுதி ஒற்றைச் சேனலில் பாதி வேகத்தில் ஓடியிருக்கும். கணினி எந்தப் புகாரும் சொல்லாது, 24 ஜிபி என்றே காட்டும். இரண்டு முனைக் கொக்கியும் டிக் என்று தானாக மூடும்வரை அழுத்த வேண்டும். பலர் ஒரு முனைச் சத்தம் கேட்டதுமே நிறுத்திவிடுகிறார்கள்.

பயாஸ் 24 ஜிபியைக் காட்டியது. விண்டோஸுக்குள் போகாமல், பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டோம். காலையில் வந்து பார்த்தால் திரையில் சிவப்பு வரிகள். பழைய ரேம் என்றால் இப்படித்தான் என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் எண்ணம் உடனே வந்தது. அதற்கு முன் ஒவ்வொன்றையும் தனியாக முதல் ஸ்லாட்டில் வைத்துச் சோதித்தோம். நான்கும் பிழையின்றித் தேறின. பிறகு ஒரே ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் வைத்தோம். மூன்றாவது ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தது. குற்றவாளி ரேம் அல்ல, பத்தாண்டாக எதுவும் மாட்டப்படாமல் உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்த ஸ்லாட். கான்டாக்ட் கிளீனர் அடித்து, ரேமை நான்கைந்து முறை செருகி எடுத்து, காயவிட்டு மறுபடி ஓட்டியதில் அடுத்த இரவு நான்கு சுற்றும் பிழையில்லாமல் முடிந்தன. இந்தச் சோதனையைத் தவிர்த்திருந்தால், என்றோ ஒருநாள் எக்ஸ்போர்ட் 90 சதவீதத்தில் நின்றிருக்கும். நாங்கள் பிரீமியரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

விண்டோஸில் சிபியு-இசட் கருவி ரேமின் வேகம் 665 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டியதும் உரிமையாளர் மீண்டும் பதறினார். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு அனுப்புவதால் 665 என்பது 1333-தான். ஆனால் 1600 ரேம் ஏன் 1333-இல் ஓடுகிறது என்ற கேள்வி நியாயமானது. வெவ்வேறு வேக ரேம்கள் கலந்திருந்தால் எல்லாமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும். பழைய இரண்டையும் எடுத்துவிட்டால் 16 ஜிபி 1600-இல் ஓடும், வினாடிக்கு 25.6 ஜிபி கிடைக்கும். இரண்டையும் சோதித்துப் பார்த்தோம். கனமான புராஜெக்ட் 16 ஜிபியில் 57 நிமிடம் எடுத்தது, 24 ஜிபியில் 51 நிமிடம். மெதுவானாலும் அதிக இடமே வென்றது. பழைய ரேம் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

தீர்ந்ததும் தீராததும்

முடிவுகளில் முதலில் சொல்ல வேண்டியது உறைந்து நிற்கும் குறை அடியோடு போனது. கனமான புராஜெக்டின் எக்ஸ்போர்ட் 1 மணி 52 நிமிடத்திலிருந்து 51 நிமிடத்துக்கு வந்தது. அதில் 38 நிமிடத்தைக் குறைத்தது காசில்லாமல் மாற்றிய பேஜ்ஃபைல், 23 நிமிடத்தைக் குறைத்தது காசு கொடுத்து வாங்கிய ரேம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிரீமியரின் மெமரி அமைப்பில் மற்றச் செயலிகளுக்கு 6 ஜிபி ஒதுக்கி, 18 ஜிபியை அடோபி செயலிகளுக்கு விட்டோம். 4கே டைட்டிலின் பிரிவியூ இப்போது இருபது வினாடிக்கு மேல் நிற்காமல் ஓடுகிறது.

இலகுவான புராஜெக்டில் எந்த மாற்றமும் இல்லை. முன்பு 26 நிமிடம், பின்பும் 26 நிமிடம். அது ஆரம்பத்திலிருந்தே 8 ஜிபிக்குள் அடங்கிய வேலை. அதற்கு 64 ஜிபி கொடுத்தாலும் ஒரு நிமிடம் குறையாது.

தீராத குறை ஒன்று இருந்தது. ஸ்டூடியோ அந்த ஆண்டு வாடகைக்கு எடுக்கத் தொடங்கிய இரண்டாவது கேமராவின் 10-பிட் 4:2:2 ஃபுட்டேஜ், அதாவது நிறத் தகவல் கூடுதலாகப் பதிவாகும் வகை, ரேம் கூட்டிய பிறகும் டைம்லைனில் விக்கி விக்கியே ஓடியது. டாஸ்க் மேனேஜரில் இப்போது காட்சி தலைகீழ்: மெமரியில் 10 ஜிபி காலியாக இருக்கிறது, டிஸ்க் அமைதியாக இருக்கிறது, பிராசஸரின் எட்டு திரெட்டும் 100 சதவீதத்தில் நிற்கின்றன. இத்தகைய ஃபுட்டேஜில் முழுப் படமாக இருப்பவை சில ஃபிரேம்களே. மற்றவை முன்னும் பின்னுமுள்ள ஃபிரேம்களோடு ஒப்பிட்ட வேறுபாடுகளாக மட்டும் எழுதப்பட்டவை. ஒரு ஃபிரேமைக் காட்டவே பலவற்றை அவிழ்க்க வேண்டும். 8-பிட் 4:2:0 ஃபுட்டேஜ் என்றால் கிராஃபிக்ஸ் கார்டு அந்த வேலையில் கைகொடுக்கும். 10-பிட் 4:2:2-ஐ ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வன்பொருளில் அவிழ்ப்பதில்லை, 2014-ஆம் ஆண்டுப் பிராசஸரின் உள்கிராஃபிக்ஸும் அவிழ்ப்பதில்லை. முழுப் பாரமும் நான்கு கோர் மேல் விழுகிறது.

இதற்கு ரேம் மருந்தல்ல, பிராக்ஸிதான் மருந்து, அதாவது எடிட் செய்வதற்கென்று தயாரிக்கும் இலகுவான நகல். இரவில் கணினியை விட்டுச்செல்லும்போது எல்லாக் கிளிப்புக்கும் ஹெச்டி அளவில் புரோரெஸ் 422 பிராக்ஸி தயாரிக்கச் சொல்லிவிட்டால், காலையில் எடிட்டர் அந்த நகலில் வெட்டி ஒட்டலாம்; எக்ஸ்போர்ட்டின்போது பிரீமியர் மூலக் கோப்புக்கே திரும்பிவிடும். புரோரெஸில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்பதால் அவிழ்ப்பது எளிது. 25 ஃபிரேம் ஹெச்டிக்கு வினாடிக்கு 38 மெகாபிட், மணிக்கு 17 ஜிபி. சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கே இது சாதாரணம். கூடுதல் டிஸ்க் இடத்தைத் தவிர வேறு செலவில்லை. ஆரம்பத்தில் இரவுக் காத்திருப்பை அலுத்துக்கொண்ட எடிட்டர் இப்போது 8-பிட் ஃபுட்டேஜுக்கும் பிராக்ஸி போட்டுக்கொள்கிறார்.

இந்தக் கணினிக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே, ஒரு சில விதிவிலக்குகளைத் தவிர, மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை, இதுவோ நான்காம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததும் நெட்வொர்க் கம்பியைக் கழற்றிச் சுருட்டி கேபினெட்டின் மேல் வைத்துவிட்டோம். ஃபுட்டேஜ் கார்டு ரீடர் வழியாக உள்ளே வருகிறது, முடிந்த வீடியோ பென் டிரைவில் வெளியே போகிறது. அடோபி செயலிகள் அவ்வப்போது உரிமத்தைச் சரிபார்க்க இணையம் கேட்பதால், அப்போது மட்டும் கம்பி மாட்டப்படும்.

அடுத்த தை சீசன் நெருங்கியபோது உரிமையாளர் போன் செய்து, மீதியுள்ள 4 ஜிபி இரண்டையும் எடுத்துவிட்டு 32 ஜிபியாக்கிவிடலாமா என்று கேட்டார். கனமான புராஜெக்டைத் திறந்து ஒரு மணி நேரம் வேலை செய்த பிறகு கமிட்டெட் எண்ணைப் படிக்கச் சொன்னேன். 19 என்றார். "அப்ப வேணாம்ண்ணே" என்றேன். அந்தப் பணத்தில் பிராக்ஸிக்காக இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கினார்.